ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோயிருக்கும். நீதான் கொஞ்ச காலமாகப் போன் என்றாலே காத தூரம் ஓடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதற்கும் பதில் கிடையாது. "எழுது அக்கா, எழுத்தில்தான் நீ அழகாகத் திட்டுகிறாய்" என்று ஐஸ் வேறு வைக்கிறாய். சரி, எழுதுகிறேன். இரண்டே விரலால் தட்டித் தட்டி எழுதுவதால் திட்டு கொஞ்சம் மெதுவாகத்தான் வந்து சேரும், பொறுத்துக்கொள்.

மாடி காலியாகிவிட்டது. கம்ப்யூட்டர் கிளாஸ்காரர் ஒரு வழியாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சுவர் முழுக்க பிளக் பாயின்ட், தரையில் ஒயர் ஓடின தடம், மூலையில் கால் ஒடிந்த ஒரு ஸ்டூல், இவ்வளவுதான் அவர் விட்டுப்போன சொத்து. வெறும் ஹாலில் நின்று பேசினால் என் குரலே நாலு பக்கமும் மோதித் திரும்பி வருகிறது. உன் மாமா ஒரு தும்மல் போட்டார். கீழே மருந்துக் கடைக்காரர் மாத்திரை வேண்டுமா என்று படியேறி வந்து கேட்டார்.

கோ-ஒர்க்கிங் என்றால் என்ன என்று உன் மாமாவுக்குத் தினமும் பாடம் நடத்துகிறேன். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், தனியாக ஆபீஸ் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள், வீட்டில் பிள்ளைகள் தொல்லை தாங்காதவர்கள், இவர்கள் எல்லாம் மாதக் கணக்கில் ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்து, இங்கே வந்து வேலை பார்ப்பார்கள். இன்டர்நெட், பிரின்டர், காபி எல்லாம் பொது என்று சொன்னேன். "அப்ப லாட்ஜுன்னு சொல்லு, படுக்கை மட்டும் கிடையாது" என்கிறார்.

பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை நான் உதறிவிட்டு வந்தது விளையாட்டுக்கு இல்லை. அப்பா கட்டின மாடி, நம் இரண்டு பேருக்கும் பொது, நீ ஜூலையில் வந்துவிடுவாய், இரண்டு பேரும் சேர்ந்து நடத்தலாம் என்ற தைரியத்தில்தான் செய்தேன். கணக்கு வழக்கு, கூட்டிப் பெருக்குவது, பிரின்டரோடு மல்லுக்கட்டுவது என் பாடு. வருகிறவர்களிடம் பேசிச் சிரித்து இருத்திவைப்பது உன் பாடு. முகம் தெரியாத ஆட்களின் கோபத்தையெல்லாம் போனிலேயே ஆற்றி அனுப்புகிற பிழைப்பு உன்னுடையது. நேரில் சமாளிக்க மாட்டாயா என்ன?

இப்போது மேஜை நாற்காலி பார்க்கவேண்டும். நாற்காலிக்கு ஒரு சோதனை கண்டுபிடித்திருக்கிறேன். உன் மாமாவை அதில் உட்காரவைப்பேன். தூங்கிவிட்டால் அந்த நாற்காலி நமக்கு வேண்டாம். வேலை செய்கிற இடமில்லையா? நெளிந்து நெளிந்து பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாலும் வேண்டாம். உட்கார்ந்தும் இருக்கணும், முழித்தும் இருக்கணும்.

அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பிரம்பு மாற்றி எடுத்துவைத்திருக்கிறேன். கடைசி வருஷங்களில் வீட்டில் அவர் போட்டு உட்கார்ந்திருந்த மாதிரியே, தெருப் பக்க ஜன்னலைப் பார்த்துப் போடலாம் என்று இருக்கிறேன். அலுத்துப்போகிறவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கட்டும். உன் அபிப்பிராயம் என்ன என்று எழுது.

உன்
அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது, வழியில் ஒன்றும் சிந்தவில்லை.

போன் விஷயத்தில் என்னை மன்னித்துவிடு. நான் விழித்திருக்கும்போது நீ தூங்குகிறாய், நீ விழித்திருக்கும்போது நான் வேலையில் இருக்கிறேன். அதுவும் போக, போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. எழுதினால் சண்டை ஆற ஒரு வாரம் கிடைக்கிறது.

மாமாவைச் சோதனைக் கருவியாக்கியது நல்ல யோசனை. ஆனால் ஸ்கூட்டர் பின்சீட்டிலேயே தூங்கின மனிதர் அவர். எந்த நாற்காலி தேறும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஹால் எதிரொலிக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு முதல் கவலை அதுதான். மேஜையை விடு, முதலில் அதைக் கவனி. தரைக்குத் தடித்த விரிப்பு போடு. ஜன்னலுக்குக் கனமான திரை. நாற்காலிக் கால் எல்லாவற்றுக்கும் ரப்பர் மாட்டு. சுவரை ஒட்டி அலமாரி வைத்து, புத்தகமோ பழைய ஃபைலோ எதையாவது அடைத்துவிடு. கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம். மேஜை மேலேயும் வேண்டாம், தடுப்பாகவும் வேண்டாம். துடைத்து மாளாது.

மேஜை வட்டமாக இருக்கட்டும். நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர் முகம்கூடத் தெரியாது. வட்டத்தில் எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். ஆளை மறைக்கிற உயரத்துக்குத் தடுப்பும் வைக்காதே. இங்கே எங்கள் ஆபீஸில் தடுப்புக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருவன் வந்து தோளைத் தொட்டால் திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன்.

அப்பா நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போடாதே. மற்றபடி எங்கே வேண்டுமானாலும் போடு.

மாமாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்
தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதினதைப் படித்துவிட்டு உன் மாமா, "இவன் ஆபீஸ் வைக்கிறானா, மெத்தைக் கடை வைக்கிறானா?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன். விரிப்பு, திரை, அலமாரி, ரப்பர்! கண்ணாடி துடைத்து மாளாது என்று என் காதில் பூ சுற்றாதே. துடைக்கப்போவது நீயா, நானா?

தச்சரிடம் வட்ட மேஜை என்றேன். மனிதர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நீள மேஜை என்றால் சுவரை ஒட்டித் தள்ளலாம், ஆறு பேர் உட்காரலாம். வட்டம் என்றால் நாலு பேர், சுற்றிலும் இடம் வேறு வீண், மூலையில் பூத்தொட்டி வைத்துத்தான் நிரப்பவேண்டும் என்று சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நீ ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாய். அதனால் பாதிக்குப் பாதி என்று முடிவு செய்தேன். ஜன்னல் பக்கம் வட்டம், சுவர் பக்கம் நீளம். தடுப்பு கிடையாது, அதில் நீ ஜெயித்துவிட்டாய். எனக்கும் ஆள் முகம் பார்க்காமல் உட்கார வராது.

நாற்காலிக் கடைக்குப் போன கதையைக் கேள். கடைக்காரர் வாசலிலேயே எங்களைப் பிடித்து, தோல் தைத்த பெரிய நாற்காலி ஒன்றில் உன் மாமாவை உட்காரவைத்தார். அதன் பெருமைகளை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியிலேயே உன் மாமா வாய் திறந்து தூங்கிவிட்டார். எழுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி என்னிடம் மீதியைச் சொன்னார். அடுத்தது, அதற்கடுத்தது எல்லாமே தூக்கம். கடைசியில், முதுகுக்கு வலைத்துணி போட்ட ஒரு நாற்காலி. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார், மேஜை மேல் கிடந்த பேப்பரை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார், நேற்றைய பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். அதையே எடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி, சாம்பல் நிறம். கடையை விட்டு வரும்போது கடைக்காரர் உன் மாமாவிடம் கை குலுக்கினார்.

அப்பா நாற்காலியை ஏன் அப்படிப் போடக் கூடாது என்று நீ சொல்லவில்லை. அதைவிட முக்கியம், எந்தத் தேதியில் வருகிறாய் என்றும் சொல்லவில்லை. நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டு என்று சொல்லத் தெரிகிறது, உன் இரண்டு கால் எப்போது இங்கே வரும் என்று சொல்லத் தெரியவில்லையே. வாசலில் பெயர்ப் பலகை எழுதக் கேட்கிறார்கள். உன் பெயரையும் போடலாம்தானே?

உன்
அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலிக் கடைக் கதையைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

ஹாலைப் படம் வரைந்து இதோடு அனுப்பியிருக்கிறேன். வட்டம் போட்டிருப்பது மேஜை. பெருக்கல் குறி போட்டிருப்பது என் இடம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கணும், எதிரில் வாசல் தெரியணும். கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் அடிக்குமே என்பாய். அடிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வருகிற ஆளின் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும். இதில் மட்டும் பேரம் பேசாதே.

இன்னொன்று. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினால் என்ன? யாருக்காவது ஏதாவது தேவை என்றால் அதில் எழுதிவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் வாயால்தான் கேட்கவேண்டும் என்று என்ன இருக்கிறது?

தேதி கேட்டிருந்தாய். இங்கே சில விஷயங்கள் முடியவேண்டியிருக்கிறது. பெயர்ப் பலகையில் இப்போதைக்கு உன் பெயரை மட்டும் போடு. நான் எங்கே ஓடிவிடப்போகிறேன்?

மாமாவுக்குக் கை குலுக்கல்.

உன்
தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

மேஜை எல்லாம் வந்து இறங்கிவிட்டது. படியில் வட்ட மேஜை திரும்பாமல், தச்சரும் அவர் ஆட்களும் அதை நட்டமாக நிறுத்தி உருட்டிக்கொண்டு ஏறினார்கள். மருந்துக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன மாதிரியே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உன் நாற்காலி. மதியம் உட்கார்ந்து பார்த்தேன், கம்ப்யூட்டரில் என் மூஞ்சிதான் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. உன் பிடிவாதம் உன்னோடு. விரிப்பும் போட்டாயிற்று. வெள்ளைப் பலகை மாட்டினேன். முதல் நாளே உன் மாமா அதில் "காபி" என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது ஒரு ரகசியம். நீ வந்து பார்க்கும்போது தெரியட்டும் என்று இருந்தேன், மனசு கேட்கவில்லை.

உனக்காக ஒரு அறை செய்திருக்கிறேன். அறை என்றால் பெரிய அறை இல்லை, ஒரு ஆள் நிற்கவும் உட்காரவும் போதும், நாலு பக்கமும் கண்ணாடி. போன் பேசுகிறவர்களுக்காக இப்போது எல்லா இடத்திலும் இப்படி வைக்கிறார்களாம். கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே வராது, வெளியே நடப்பது உள்ளே வராது. கண்ணாடி வேண்டாம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கப் போனில் பேசியே வாழ்ந்தவன் நீ. இங்கே வந்தும் பழைய வாடிக்கை ஆட்கள் உன்னைத் தேடிக் கூப்பிடுவார்கள். ஹாலில் நின்றுகொண்டு கத்துவாயா? நான் வாசலில் உட்கார்ந்திருந்தால் உள்ளே நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரியும். சின்ன வயசில் தீப்பெட்டியில் நூல் கட்டிப் போன் செய்து, நீ குளியலறையிலும் நான் சமையலறையிலும் நின்று பேசினோமே, அந்த மாதிரி.

கதவில் உன் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். வெளிப் பலகையில்தான் வேண்டாம் என்றாய், உள்ளே எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. கண்ணாடியைத் துடைப்பது என் பொறுப்பு. எப்படி இருக்கிறது அக்காவின் யோசனை?

உன்
அக்கா

*

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

அந்தக் கண்ணாடி அறை எனக்கு வேண்டாம். கதவில் இருக்கிற பெயரை அழித்துவிடு.

எத்தனை தடவை எழுதினேன். படித்தாயா, இல்லை படித்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாயா என்று தெரியவில்லை. உன் மேல் குற்றம் இல்லை. நான்தான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். நான் வரவில்லை. வந்தாலும் உனக்கு உபயோகப்பட மாட்டேன். மாடியை நீயே முழுதாக வைத்து நடத்து, எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

உனக்கு நன்றாக நடக்கும். உனக்குப் பேச வரும்.

தம்பி

*

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நான் மூன்று நாள் உன் மாமாவிடம் காட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கேட்டார், கொடுத்தேன். படித்துவிட்டு, "அவனைக் கொஞ்ச நாள் விட்டுடு" என்றார். வழக்கம்போல என்னைக் கேலி செய்யவில்லை, அதனால்தான் விஷயம் பெரிசு என்று எனக்கு உறைத்தது.

கோபமாகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. உனக்குப் பிடிக்கும் என்று ஆசையாகச் செய்த ஒன்றுக்கு, முகத்தில் அடித்த மாதிரி இப்படி ஒரு பதில். கண்ணாடி பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் போகிறேன். அதற்காகக் கூடப் பிறந்தவளையே கழற்றிவிடுவாயா? கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாய். உன் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் கேட்டது உன்னை.

கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். போன தடவை நீ வந்திருந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பாய். வெளிநாட்டுக் காற்று பட்டதும் திமிர் வந்துவிட்டது என்று உன் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இப்போது நான் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது.

வருகிற திங்கட்கிழமை திறக்கிறேன். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் திறந்துதான் ஆகவேண்டும். கதவில் பெயரை அழித்தாயிற்று. உன் நாற்காலியை எடுக்கவில்லை. கனமாக இருக்கிறது, அதனால்தான்.

அக்கா

*

மே 24

என் அன்புத் தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. நானும் எழுதுவதாக இல்லை. ஆனால் நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வரைக்கும் படி. நடுவில் மூடி வைத்துவிடாதே.

ஆட்கள் வருகிறார்கள். பெரிய கூட்டம் இல்லை, இருந்தாலும் ஹால் வெறிச்சென்று இல்லை. வருமான வரிக் கணக்கு எழுதுகிற ஒருவர் நீள மேஜையைப் பிடித்துக்கொண்டார். நேற்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், என் வயசுதான் இருக்கும். ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக உன் மேஜைக்குப் போனார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கிற நாற்காலியைத் தொட்டு, இது காலியா என்று கேட்டார். அங்கே வெளிச்சம் கம்ப்யூட்டர் திரையில் அடிக்குமே, நல்ல இடமாகத் தருகிறேன் என்று சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே, ஏதோ மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க. பேசுறவங்க முகத்துல வெளிச்சம் விழுந்தா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். இந்த இடத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, யாரோ விஷயம் தெரிஞ்சவங்கதான் போட்டிருக்காங்க. வட்ட மேஜை, விரிப்பு, வாசல் எதிர்ல. வேற எங்க போனாலும் ஒரே கண்ணாடியா வச்சு எதிரொலியில மண்டையைப் பிளக்குறாங்க."

காபி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன். காபி பொங்கி வழிந்தது. கணக்கு எழுதுகிறவர் வந்து அடுப்பை அணைத்தார்.

தம்பி, நான் நினைப்பது தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுத் தூக்கிப் போடு. உன் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். போன் வேண்டாம், எழுது. வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் இல்லை. ஆள் வந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுகிறாய். பலகையில் எழுதிவிட்டுப் போகட்டும். உனக்குப் பேச வரும் என்று எனக்கு எழுதினாயே, அதைப் படிக்கும்போது அன்றைக்குக் கோபம் வந்தது, நேற்று அழுகை வந்தது. பின்னால் கூப்பிட்டபோது நீ திரும்பாததற்குக் காரணம் திமிர் இல்லை. உனக்குக் கேட்கவில்லை.

அப்பாவுக்கும் இப்படித்தானே ஆயிற்று. ஐம்பதைத் தாண்டினதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வீட்டு ஹாலில் நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசிச் சிரிப்போம், அவர் நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். தெருவை வேடிக்கை பார்க்கிறார், அதுதான் அவருக்குப் பிடிக்கிறது என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியை அப்படிப் போடாதே என்று நீ எழுதினது ஏன் என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது.

நீ வந்தால் நாங்கள் உன்னையும் அப்படித் திருப்பி உட்காரவைத்துவிடுவோம் என்று பயந்தாயா?

இங்கே நடந்திருப்பதைச் சொல்கிறேன், கேள். அப்பா நாற்காலியை இன்று காலையில் நானும் உன் மாமாவும் தூக்கி, ஹாலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டோம். சுவர் பக்கம் இருந்த நீள மேஜைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாமே வட்டமாகச் செய்யச் சொல்லிவிட்டேன். தச்சர் மறுபடியும் பூத்தொட்டி என்று ஆரம்பித்தார், பூத்தொட்டியே வைக்கிறேன் என்றேன். கணக்கு எழுதுகிறவர் மட்டும் முணுமுணுக்கிறார், அவருக்குச் சுவரைப் பார்த்தால்தான் கூட்டல் வருமாம். வாசல் மணியைக் கழற்றியாயிற்று. கதவு திறந்தால் உன் மேஜை மேல் ஒரு சின்ன விளக்கு எரியும். மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்துக் கை தட்டினார். உன் நாற்காலியை அவருக்குத் தரவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, அதே மாதிரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

கண்ணாடி அறையை எடுக்கலாம் என்று போனேன், உன் மாமா விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். குறட்டை ஒரு துளி வெளியே வருவதில்லை. அந்தக் கண்ணாடிக்கு இப்போதுதான் சரியான வேலை கிடைத்திருக்கிறது.

வருகிறவர்களிடம் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கா பேசச் சொல்லித்தரவேண்டும்? பிரின்டர் உன் பாடு, அது உன்னைவிடப் பிடிவாதம். யாராவது உன்னிடம் ஏதாவது கேட்டு உனக்குப் புரியவில்லை என்றால் திரும்பக் கேள். திரும்பச் சொல்ல அலுத்துக்கொள்கிறவர்கள் வேறு இடம் பார்க்கட்டும்.

நீ வந்து எதிரில் உட்கார். வட்ட மேஜைதான், என் முகத்தில்தான் வெளிச்சம் விழும். நான் வாய் ஓயாமல் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். இத்தனை நாள் உனக்குத் தப்பிக்க வழி இருந்ததில்லை. இப்போது என் பேச்சு அறுவை என்று தோன்றினால் கண்ணை மூடிக்கொள், அவ்வளவுதான். உன் மாமா உன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்.

தேதி எழுது. போன் பண்ண மாட்டேன்.

உன்
அக்கா

*

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பாக நினைக்கவில்லை. நீ நினைத்தது சரி.

இரண்டு வருஷமாகவே குறைந்துகொண்டு வந்தது. போன வருஷம் என்னைப் போன் பிரிவிலிருந்து எடுத்து, எழுத்தில் பதில் சொல்கிற பிரிவில் போட்டார்கள். நல்லவர்கள், நன்றாகத்தான் நடத்துகிறார்கள். காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறேன். அமைதியான அறையில் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் புரியும். எதிரொலி இருந்தால், பின்னால் இருந்து கூப்பிட்டால், போனில் கேட்டால், ஒன்றும் தேறாது. உன் கண்ணாடி அறையைப் பற்றிப் படித்தபோது, அதற்குள் என்னை நிற்கவைத்து எல்லாரும் வெளியிலிருந்து பார்ப்பது மாதிரி இருந்தது. அன்றைக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது.

உன்னிடம் சொல்வதற்குப் பயம்தான். அந்த நாற்காலி எப்போதும் என் கண்ணிலேயே நின்றது. யாரும் அப்பாவைத் திருப்பி உட்காரவைக்கவில்லை, அக்கா. திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்க வெட்கப்பட்டு அவராகத்தான் திருப்பிக்கொண்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியை இழுப்பார், நான் பார்த்திருக்கிறேன். இங்கே நானும் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்தபோதுதான் நான் வரவில்லை என்று உனக்கு எழுதினேன்.

வேலையை விடுவதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். ஜூலை ஒன்பது, விமானம் இறங்கிக் காலை வண்டியில் வருகிறேன். வாசலில் நின்று கூப்பிடாதே, எதிரில் வந்து நில். வெளிப் பலகையில் என் பெயரை எழுதச் சொல், உன் பெயருக்குக் கீழே போதும். மொழிபெயர்ப்பாளரிடம் அந்த இடத்தைப் போட்டவன் வருகிறான் என்று சொல். மாமா கண்ணாடி அறையில் இருக்கட்டும், எழுப்பவேண்டாம்.

அப்பா நாற்காலி எனக்கு வேண்டாம். அதில் நீ உட்கார். நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி எதிரில் உட்காருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. கண்ணை மூட மாட்டேன்.

உன்
தம்பி